விழித்திரையைக் காண்பது எப்படி?

கண்ணாடியின் முன் நின்று உங்கள் கண்ணை உற்றுப் பாருங்கள். வெண்மையான விழியின் நடுவே ஒரு பழுப்பு வளையம். அதன் நடுவே ஒரு கறுப்பு வட்டம். இக்கறுப்பு வட்டத்தைக் கண்மணி அல்லது பாவை என்கிறோம். அதை ஏதோ ஒரு கறுப்புப் பொருள் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அங்கே பொருள் எதுவும் இல்லை. அது ஒரு துளை. அத்துளையின் வழியாக ஒளி உள்ளே சென்று, ஒரு சிறு இருட்டறையின் பின்சுவரில் விழுகிறது. அச்சுவரில் படிந்திருக்கும் படலமே விழித்திரை. அதன் தடிப்பு கால் மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் ஏறத்தாழ 12 கோடி கோல் செல்களும் 60 இலட்சம் கூம்பு செல்களும் அடங்கியிருக்கின்றன. நெல்மணியைவிடச் சிறிய நடுப்பகுதி ஒன்றுதான் இந்த எழுத்துகளைப் படிக்க உதவுகிறது. அதற்கு மாக்குலா என்று பெயர்.

பின்சுவர் கறுப்பன்று, செவ்வாரஞ்சு நிறமுடையது. பின் ஏன் துளை கறுப்பாகத் தெரிகிறது? காஞ்சிபுரத்தில் நண்பகலில் நெசவாளர் தெரு ஒன்றில் நடந்தால், வீட்டுச் சன்னல்கள் கறுப்பாகத் தெரியும். உள்ளே தறியும் ஆளும் இருந்தாலும், உள்ளே புகுந்த ஒளியில் மிகச் சிறு பகுதியே சன்னல் வழியாகத் தெருவுக்குத் திரும்புகிறது. கண்ணில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அங்கே சன்னலில் ஒரு லென்சு பொருத்தப்பட்டிருக்கிறது. ஒளிக்கதிர் சென்ற பாதையிலேயே திரும்பும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். விளக்கிலிருந்து வந்து விழித்திரையில் குவிந்த ஒளி, அதே லென்சு வழியாகத் திரும்பும்போது அந்த விளக்குக்கே போய்ச் சேரும். ஆகவே விளக்கு இருக்கும் இடத்தில் பார்ப்பவரின் கண் இருந்தால்தான் விழித்திரை தெரியும். அங்கே கண்ணை வைத்தாலோ, தலை விளக்கை மறைத்துவிடும்!

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஆற்றல் அழிவின்மை விதியோடு சேர்த்து நாம் அறிந்த அதே ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான். மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்தார். பக்கவாட்டிலிருந்து வரும் விளக்கொளியில் ஒரு பகுதியைத் தகடு நோயாளியின் கண்ணுக்குள் திருப்பியது. திரும்பி வந்த ஒளியில் ஒரு பகுதி தகட்டை ஊடுருவி அவர் கண்ணை அடைந்தது. விளக்கும் கண்ணும் ஒரே இடத்தில் இருப்பது போன்ற நிலையைத் தகடு உண்டாக்கிவிட்டது. 1850-ஆம் ஆண்டு இறுதியில் இக்கருவியை அவர் அறிவித்தார். உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவர் தெளிவாகக் கண்டது அதன் பிறகுதான். சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை 1819-இலேயே தொடங்கப்பட்டது. அதன் முதல் 30 ஆண்டுகளில் அங்கு வந்த நோயாளிகளின் விழித்திரை எப்படி இருக்கிறது என்று பார்க்க எந்த மருத்துவராலும் இயலவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இக்கருவியில் உருப்பெருக்கம் எவ்வளவு? நீங்களே கணக்கிடலாம். நலமான கண்ணின் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். எளிய உருப்பெருக்கியின் பெருக்கத்தை அறியத் திறனை 4-ஆல் வகுக்க வேண்டும். ஆக 15 மடங்கு. இங்கே உருப்பெருக்கும் லென்சு மருத்துவருடையது அன்று. நோயாளியின் கண்ணே லென்சாக நின்று தன் விழித்திரையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

இடையில் ஒரு செய்தி. ஃபிளாஷ் போட்டு எடுத்த ஒளிப்படங்களில் சிலர் கண்மணி சிவப்பாகத் தெரிவதுண்டு. காமிராவின் விளக்கும் லென்சும் அருகருகே இருப்பதால் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஏற்பாடு தற்செயலாக அமைந்துவிடுகிறது. அந்தச் சிவப்பு விழித்திரையின் பின்னணி நிறம், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கைக்குழந்தையின் படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டால் உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயின் அடையாளமாக அது இருக்கலாம். விரைவில் கண்டால் உயிரையும், பல வேளைகளில் கண்ணையும் காக்க முடிகிறது.

பாஸ்டனிலிருந்து சென்னைக்கு

ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருவிக்கு ஒரு குறை உண்டு. ஒரு நேரத்தில் விழித்திரையின் ஒரு சிறு வட்டமே தெரியும். அதுவும் ஒற்றைக் கண்ணால் பார்ப்பதால் மேடு பள்ளம் புலப்படாது. கிழிசல்களோ பெரும்பாலும் விழித்திரையின் ஓரங்களில்தான் ஏற்படுகின்றன.

பெல்ஜியம் நாட்டு மருத்துவர் சார்லஸ் ஷெப்பென்ஸ் 1940-களில் இதற்கு வழி கண்டார். (இரண்டாம் உலகப் போரின்போது வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் நாஜிகளிடமிருந்து தப்பிப் பிரெஞ்சு எல்லை மலையைக் கடக்க உதவியவர் இவர். அதைத் தனியே ஒரு கதையாக எழுதலாம்.) அவர் அமைத்த கருவியில் விளக்கு மருத்துவரின் நெற்றியில் இருக்கும். நோயாளியின் கண்ணுக்குச் சற்று முன்னால் 20 டயாப்டர் குவிலென்சு ஒன்றைக் கையால் பிடிப்பார். அந்த லென்சு விழித்திரையின் தலைகீழான மெய்ப் பிம்பத்தைக் காற்றில் உருவாக்கும். உருப்பெருக்கம் 60-ஐ 20-ஆல் வகுத்தால் கிடைக்கும் 3 மடங்குதான். ஆனால் பார்க்கும் பரப்பு பல மடங்கு விரிகிறது. மருத்துவரின் இரு கண்களும் பார்ப்பதால் ஆழமும் தெரிகிறது. நம் இரு கண்மணிகளுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தூரம் இருக்க, நோயாளியின் சிறு துளை வழியே இரண்டாலும் எப்படிப் பார்ப்பது? கருவியிலுள்ள முப்பட்டகங்களும் ஆடிகளும் அந்தத் தூரத்தை ஒன்றரை சென்டிமீட்டராகச் சுருக்கிவிடுகின்றன.

ஷெப்பென்ஸ் பின்னர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பணியாற்றினார். அங்கே 1968 முதல் 1970 வரை அவரிடம் பயிற்சி பெற்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத். நாடு திரும்பிய அவர் 1978 செப்டம்பரில் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். இதற்குத் தூண்டுகோல் எங்கள் ஊரிலிருந்து கிடைத்தது. 1976-இல் காஞ்சி காமகோடி பீடத்தின் ஸ்ரீ ஜெயேந்திர சரசுவதி சுவாமிகள் மருத்துவர்களிடையே பேசுகையில், தொண்டு மனப்பான்மையுடன் இயங்கும் மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று வலியுறுத்தினார். அதே 1976-இல்தான் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். விழித்திரை நோய்க்கு வெளிநாடு போக வேண்டும், அல்லது விதியே என்று இருக்க வேண்டும் என்ற நிலை தமிழ்நாட்டில் அதன் பின் மாறியது. டாக்டர் பத்ரிநாத் 2023 நவம்பரில் காலமானார்.

வலிக்காத நோய்

இனி நோய்களுக்கு வருவோம். விழித்திரையில் வலியுணர் நரம்புகள் இல்லை. அங்கே தீப்பட்டாலும் வலிக்காது. இரத்தம் கசிந்தாலும் வலிக்காது. இதனால் வரும் தீங்கு கொஞ்சமன்று.

காஞ்சிபுரத்தில் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் 50 வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளாக நீரிழிவு. மயிரிழை போன்ற பாவு நூல்களுக்கிடையே ஊடையைச் செலுத்தி, கரையும் உடலும் சேருமிடத்தில் கோர்வை பிசகாமல் நெய்ய வேண்டியவர். அவருடைய விழித்திரையின் நுண்குழாய்களில் மிகையான சர்க்கரை மெல்ல மெல்லக் கேடு செய்துகொண்டிருக்கும். குழாய்ச் சுவர்கள் புடைக்கும்; கசியும்; சில அடைபட்டுப் போகும். அவ்வளவும் நடந்த பின்னும் அவர் பார்வையில் ஒரு மாற்றமும் இல்லாதிருக்கலாம். ‘நன்றாகத்தானே நெய்கிறேன்’ என்பார். உயிர்வளி கிடைக்காத விழித்திரைப் பகுதிகளோ வி.இ.ஜி.எஃப். என்னும் ஒரு புரதத்தை வெளியிட்டுப் புதிய குழாய்களை வளரத் தூண்டும். அப்படி வளர்பவை வலுவற்ற குழாய்கள். ஒரு நாள் அவற்றுள் ஒன்று வெடித்துக் கண்ணின் உட்கூழில் இரத்தம் பரவும்போதுதான், ‘நேற்றுவரை தெரிந்ததே!’ என்று மருத்துவரிடம் ஓடுவார்.

இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சென்னையில் நடந்த ஆய்வுகளின்படி, நீரிழிவு உள்ளோரில் 100-க்கு 18 பேர் அளவில் விழித்திரைப் பாதிப்பு காணப்பட்டது. உங்கள் தெருவில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இந்த எண் வெறும் எண்ணாகத் தோன்றாது.

மாக்குலாவில் நீர் கோத்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை கிடைக்கும். விழித்திரை அங்கே மேடு தட்டுவதால் நேர்கோடுகள் வளைந்து தெரியும். மருத்துவர்கள் இதைச் சோதிக்க ஆம்ஸ்லர் கட்டம் என்ற கட்டம் போட்ட அட்டையைப் பயன்படுத்துவர். உங்கள் வரைபடத் தாளின் நடுவே ஒரு புள்ளி வைத்தால் அதுவும் ஏறத்தாழ அதேதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் புள்ளியை நோக்க வேண்டும். பிறகு கண்ணை மாற்ற வேண்டும். கோடு நெளிந்தாலோ கட்டங்கள் மறைந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெசவாளருக்கு நாள்தோறும் அவர் பாவே கட்டமாக இருக்கிறது. ஆனால் இரு கண்களையும் திறந்தே நெய்வதால், கெட்ட கண்ணின் குறையை நல்ல கண் மூடி மறைத்துவிடும்.

சாயமும் குறுக்கீடும்

எந்தக் குழாய் கசிகிறது என்று எப்படி அறிவது? ஃபுளோரெசின் என்ற சாயத்தைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். 10, 15 நொடிகளில் அது கண்ணை அடையும். நீல ஒளியைப் பாய்ச்சினால், சாயம் அதை உறிஞ்சிப் பச்சை ஒளியாக உமிழும். நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் வடிகட்டி வழியாகப் படமெடுத்தால், இரத்தக் குழாய்கள் கருந்துணியில் சரிகை இழைத்தது போல் மின்னும். கசியும் இடத்தில் சரிகை கலைந்து ஒளித்திட்டாகும். 1961-இல் இம்முறையை வெளியிட்ட நொவோட்னி, ஆல்விஸ் இருவரும் இதைத் தொடங்கியபோது அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்கள்.

ஆனால் இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்த கருவி ஓ.சி.டி. என்பதுதான். விழித்திரையைக் கத்தியால் வெட்டாமலே அதன் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அது காட்டுகிறது. ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் அறியலாம் அல்லவா? கண்ணுக்குள் இரத்தம் நிறைந்து ஒளி புகாத நிலையில் இன்றும் மீயொலி கொண்டே பார்க்கிறார்கள். ஒளியைக் கொண்டும் அப்படிச் செய்தால் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாமே! ஆனால் காற்றில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரம், ஒரு நொடியின் 30 இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அதை நேரடியாக அளக்கும் மின்னணுக் கடிகாரம் கிடையாது.

வழி உங்கள் மேல்நிலைப் பாடத்திலேயே இருக்கிறது: குறுக்கீட்டு விளைவு. ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்கும் மற்றொன்றை ஓர் ஆடிக்கும் அனுப்புகிறார்கள். மைக்கேல்சனின் குறுக்கீட்டுமானியும் இதுதான். திரும்பி வரும் இரண்டும் சேரும்போது குறுக்கீடு தோன்ற வேண்டும். லேசர் போன்ற தூய ஒற்றை நிற ஒளியானால், பாதைகளின் நீளம் வெகுவாக வேறுபட்டாலும் குறுக்கீடு தோன்றிவிடும். அது நமக்குப் பயன்படாது. எனவே வேண்டுமென்றே பல அலைநீளங்கள் கலந்த அகச்சிவப்பு ஒளியை எடுக்கிறார்கள். இதன் அலைத் தொடர்கள் மிகக் குட்டையானவை. இரு பாதைகளும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குள் சமமாக இருந்தால்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே ஆடியை நகர்த்திக்கொண்டே போனால், விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கும் தன் ஆழத்துக்குரிய இடத்தில் மட்டும் குறுக்கீட்டைக் காட்டும். ஆடியை நகர்த்தாமல், நிறமாலையைப் பகுத்தே ஆழம் அறியும் வேகமான முறைகள் பின்னர் வந்தன. தூய்மையற்ற ஒளியே இங்கே உயர்ந்த கருவி என்பதைக் கவனியுங்கள். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் ஆகியோர் அடங்கிய குழு 1991-இல் இதை வெளியிட்டது.

கிரகணம் கற்பித்த மருத்துவம்

1945 ஜூலை 9 அன்று ஐரோப்பாவில் சூரிய கிரகணம் தெரிந்தது. அதை வெறுங்கண்ணால் பார்த்துப் பார்வை கெட்டவர்களை மேயர்–ஷ்விக்கெராத் என்ற ஜெர்மானிய மருத்துவர் பரிசோதித்தார். மாக்குலாவில் சிறு தழும்புகள் இருந்தன. வேறொருவராயின் இரங்கியிருப்பார். இவரோ, ‘ஒளியால் விழித்திரையில் தழும்பு உண்டாக்க முடியுமானால், கிழிசலைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி அதை ஒட்டவும் வைக்கலாமே!’ என்று சிந்தித்தார். முதலில் சூரிய ஒளியையே ஆடிகளால் திருப்பிப் பயன்படுத்தினார். மேகம் மூடினால் சிகிச்சை நின்றுபோகும்! பிறகு செனான் வில்விளக்கு வந்தது. 1960-இல் லேசர் பிறந்தபின் அதன் இடத்தை லேசர் பிடித்துக்கொண்டது.

பச்சை லேசர் ஒளிக்குக் கருவிழிப் படலம், லென்சு, உட்கூழ் எல்லாம் கண்ணாடி போன்றவை; தடையின்றிக் கடந்துவிடும். விழித்திரையின் அடியிலுள்ள கருநிறமிதான் அதை உறிஞ்சிச் சூடாகிறது. சிகிச்சையில் 0.2 வாட் திறனை 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் பாய்ச்சுவதாகக் கொள்வோம். சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 6 வாட் ஆகிறது. உச்சி வெயில் சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு வாட்தான். பத்தில் ஒரு பங்கு நொடி பட்டாலே போதும், தழும்பு உண்டாகும்.

நீரிழிவுக் கண்ணில் இத்தகைய புள்ளிகளை ஆயிரத்துக்கு மேல் வைப்பார்கள்; மாக்குலாவை விட்டுவிட்டு ஓரங்களில் மட்டும். நல்ல செல்களையும் ஏன் பொசுக்க வேண்டும் என்று கேட்கலாம். உயிர்வளிக்குத் தவிக்கும் ஓரப் பகுதியின் தேவையைக் குறைத்துவிட்டால், புதுக்குழாய்களைத் தூண்டும் புரதமும் குறையும். ஓரப் பார்வையிலும் இரவுப் பார்வையிலும் சிறிது போகும். படிக்கும் பார்வை நிற்கும். கடும் பார்வையிழப்பை இம்முறை பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று 1976-இல் காட்டியது. இன்று அந்தப் புரதத்தையே முடக்கும் மருந்துகளை மெல்லிய ஊசியால் கண்ணுக்குள் செலுத்துகிறார்கள். அவற்றுள் ஒன்றான பெவாசிசுமாப் முதலில் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. ஒரு குப்பியைப் பல சிறு அளவுகளாகப் பிரிக்கலாமாதலால் செலவு குறைகிறது. ஒரே ஊசியோடு முடிவதில்லை. திரும்பத் திரும்ப வர வேண்டும். அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு அதுதான் கடினம்.

கிரகணக் கணக்கையும் போட்டுவிடுவோம். விழித்திரையில் விழும் சூரிய பிம்பத்தின் விட்டம் 0.16 மில்லிமீட்டர். கண்மணி 2 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தாலும் 3 மில்லிவாட் உள்ளே போகும். அது பிம்பத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 0.16 வாட், வெயிலைப் போல 160 மடங்கு. நாம் உற்று நோக்குவதால் அந்தப் பிம்பம் மிகக் கூர்மையான மையப் புள்ளியிலேயே விழும். வெப்பத்தைவிட ஒளியின் வேதி விளைவே அங்கே பெரிதும் கெடுதி செய்கிறது. வலியும் இராது. 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் வலய கிரகணம் தெரிந்தது. 2031 மே 21 அன்று தென் மாவட்டங்களில் மீண்டும் தெரியும். அட்டையில் குண்டூசித் துளையிட்டுத் தாளில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். மரத்தடியில் இலைகளின் இடைவெளிகளே நூற்றுக்கணக்கான பிறைகளைத் தரையில் வரைந்து காட்டும். திருவிழாக் கடைகளில் விற்கும் பச்சை லேசர் விளக்கை யார் முகத்திலும் அடிக்காதீர்கள்.

கண்ணுக்குள் ஒரு குமிழி

விழித்திரை சுவரிலிருந்து பெயர்ந்துவிடுவது மற்றொரு நோய். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்க்கும், பந்தோ கிட்டிப்புள்ளோ கண்ணில் பட்டவர்க்கும் நேரலாம். கண்ணோரத்தில் மின்னல் வெட்டுவதும், திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பதும், ஒரு பக்கமிருந்து திரை இறங்குவதும் அறிகுறிகள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மாக்குலா பெயர்வதற்கு முன் பிடித்தால்தான் பார்வை முழுமையாக மீளும். கிழிசலை அடைப்பதே மருந்து என்று சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின் 1920-களில் நிலைநாட்டும்வரை இந்நோய் வந்த கண் பெரும்பாலும் போன கண்தான்.

இன்று செய்யும் முறைகளுள் ஒன்று, உட்கூழை நீக்கிவிட்டு வாயுவை நிரப்புவது. ராபர்ட் மேக்கமர் 1970-களின் தொடக்கத்தில் இதற்கான வெட்டுகருவியை அமைத்தார். இன்றைய கருவிகளின் தடிமன் அரை மில்லிமீட்டர். சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு போன்ற வாயுவின் குமிழி மிதப்பு விசையால் மேலெழுந்து விழித்திரையைச் சுவரோடு அழுத்தும். பரப்பு இழுவிசை கிழிசல் வழியே நீர் புகாமல் தடுக்கும். குமிழி மேல்நோக்கியே போகுமாதலால், கிழிசல் இருக்கும் பக்கம் மேலே வருமாறு நோயாளி தலையை வைத்திருக்க வேண்டும். கண்ணின் பின்பக்கத்தில் கிழிசலானால் நாள்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும்.

குமிழி கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது, மலையேறவும் கூடாது. ஏன்? பாயில் விதியை நினைவுகூருங்கள். கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். குமிழி கால் பங்குக்கு மேல் விரிய முயலும். கண் விரியாத கூடு. எனவே உள்ளழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நசுங்கிவிடும்.

விழித்திரைப் படங்களைக் கணினியே படித்துச் சொல்வதும் இப்போது நடக்கிறது. அரவிந்த், சங்கர நேத்ராலயா முதலிய மருத்துவமனைகளின் படங்களும் அடங்கிய 1,28,175 படங்களைக் கொண்டு கூகுள் நிறுவனத்தார் கணினிக்குப் பயிற்சி கொடுத்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். நீரிழிவுப் பாதிப்பைக் கண்டறிவதில் அது கண் மருத்துவர்களுக்கு இணையாக இருந்தது. மருத்துவர் இல்லாத சிற்றூரிலும் ஒரு காமிராவும் பயிற்சி பெற்ற ஊழியரும் இருந்தால் யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்துவிடலாம்.

நீரிழிவு உள்ளவர், பார்வை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரியச் செய்து பார்ப்பார்கள், வலி இல்லை. அதன் பின் சில மணி நேரம் அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும், வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது, தறியிலும் உட்கார முடியாது. ஒரு நாள் நெசவு போய்விடுமே என்றுதான் பலர் தள்ளிப் போடுகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும் இடைவெளியில் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும்போது கையைப் பிடித்து வர ஒருவர் வேண்டும், நீங்களே போகலாம்.